கேஸ் குறைவா, சென்சார் கோளாறா?

ஏசி சரியாகக் குளிரவில்லை என்று மெக்கானிக்கை அழைத்தால், பெரும்பாலும் முதலில் வரும் பதில் கேஸ் குறைந்திருக்கிறது என்பதுதான். சில வீடுகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் கேஸ் குறைந்த ஏசி பொதுவாக நிற்காமல் ஓடும். அறை வேண்டிய குளிர்ச்சியை எட்டாததால் கம்ப்ரசரை நிறுத்தக் காரணமே எழாது. அதற்கு மாறாக, கம்ப்ரசர் ஓடும்போது நல்ல குளிர்காற்று வந்து, சில நிமிடங்களில், அறையின் புழுக்கம் அடங்குவதற்கு முன்பே கம்ப்ரசர் நின்றுபோகிறது என்றால், கேஸ் நிரப்பச் சம்மதிப்பதற்கு முன் மிளகளவே உள்ள வெப்பநிலை சென்சாரைச் சோதித்துவிடுவது நல்லது.

ஸ்பிளிட் ஏசியின் உள் யூனிட்டில் வழக்கமாக இரண்டு சென்சார்கள் இருக்கும். ஒன்று பில்டருக்குப் பின்னால், காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலுக்குச் சற்று முன்னால் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பில் நின்று, உள்ளே இழுக்கப்படும் அறைக் காற்றின் வெப்பத்தை அளக்கும். செம்பு முனை கொண்ட மற்றொன்று, காயிலின் குழாயோடு பற்றவைத்த சிறு உறைக்குள் செருகப்பட்டிருக்கும். கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டர் ஏசியானால் வெளி யூனிட்டிலும் வெளிக்காற்று, வெப்பத்தை வெளியேற்றும் கன்டென்சர், கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் சூடான குழாய் ஆகியவற்றுக்குத் தனித்தனி சென்சார்கள் உண்டு.

இவை அனைத்தும் பெரும்பாலும் தெர்மிஸ்டர், அதாவது வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் சிறு பீங்கான் மணி, வகையைச் சேர்ந்தவை. சூடேறினால் உலோகக் கம்பியின் மின்தடை கூடும். மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் போன்றவற்றின் ஆக்சைடுகளைச் சுட்டுச் செய்யும் இந்தப் பீங்கான் மணியிலோ அது குறையும். இத்தகைய தலைகீழ் நடத்தையை வெள்ளி சல்பைடில் மைக்கேல் ஃபாரடே 1833-ஆம் ஆண்டிலேயே கவனித்துவிட்டார் என்றாலும், சந்தையில் விற்கத்தக்க தெர்மிஸ்டர் உருவாக 1930-இல் சாமுவேல் ரூபன் வரவேண்டியிருந்தது. ஏசிகளில் பரவலாகக் காணப்படும் ஒரு வகை 25 டிகிரி செல்சியஸில் 10 கிலோ ஓம் மின்தடை காட்டும். அதுவே 0 டிகிரியில் ஏறத்தாழ 33 கிலோ ஓமாக உயரும். 35 டிகிரியில் 6.5 கிலோ ஓமாக இறங்கும். 5, 15, 20 கிலோ ஓம் வகைகளும் புழக்கத்தில் உள்ளன.

ஏசியை இயக்கும் மின்சுற்றுப் பலகையான கண்ட்ரோல் போர்டு மின்தடையை நேரடியாக அளப்பதில்லை. தெர்மிஸ்டரோடு மதிப்பு மாறாத ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக இணைத்து, 5 வோல்ட் கொடுத்து, இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் வோல்டேஜைப் படிக்கிறது. இரண்டும் 10 கிலோ ஓமாக இருந்தால் அங்கே 2.5 வோல்ட் வரும். அப்படியானால் 25 டிகிரி என்று தன் நினைவிலுள்ள அட்டவணையைக் கொண்டு முடிவு செய்கிறது. சென்சாரின் வயர் அறுந்தாலோ இரு முனைகளும் ஒட்டிக்கொண்டாலோ வோல்டேஜ் ஏதேனும் ஓர் எல்லைக்கே ஓடிவிடுவதால் போர்டு உடனே கண்டுபிடித்துப் பிழைக் குறியீட்டைக் காட்டும். டைகின் ஏசிகளில் அறைக் காற்று சென்சாருக்கு சி9, உள் காயில் சென்சாருக்கு சி4 என்பவை அவ்வாறான குறியீடுகள்.

தொல்லை தருவது அறுந்த சென்சாரன்று, மதிப்பு சற்றே பிசகிய சென்சார்தான். கனெக்டரின் முள்ளில் பச்சைக் களிம்பு ஏறி 2 கிலோ ஓம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அறை 27 டிகிரியில் இருக்கும்போது 9.1 கிலோ ஓம் காட்டவேண்டிய இடத்தில் 11.1 வரும்; அது 22.6 டிகிரிக்கு உரிய மதிப்பு. ரிமோட்டில் 24 வைத்திருந்தால், அறை போதுமான அளவு குளிர்ந்துவிட்டது என நம்பிப் போர்டு கம்ப்ரசரை நிறுத்திவிடும். எந்தக் குறியீடும் வராது, ஏனெனில் போர்டைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது. இதற்கு நேர்மாறாக, மணியின் மேற்பூச்சில் விரிசல் விட்டு உள்ளே ஈரம் புகுந்தால் மின்சாரத்துக்கு ஒரு குறுக்குவழி கிடைத்து மின்தடை குறையும்; அறை சூடாக இருப்பதாகக் கருதிக் கம்ப்ரசர் இரவெல்லாம் ஓடும். காயில் சென்சார் அப்படிச் சூடாகக் காட்டினால், காயிலில் பனிக்கட்டி படிந்தாலும் கம்ப்ரசரை நிறுத்தவேண்டிய பாதுகாப்பு அமைப்பு விழிக்காது. அதிகக் குளிராகக் காட்டினாலோ, பனியே இல்லாதபோதும் கம்ப்ரசர் அடிக்கடி நிற்கும்.

அளப்பதற்கு முன் எளிய காரணங்கள் சிலவற்றை விலக்கிவிட வேண்டும். வாட்டர் சர்வீஸ் முடிந்த மறுநாளே கோளாறு தொடங்கியிருந்தால், அறைச் சென்சார் கிளிப்பிலிருந்து நழுவிக் குளிர்ந்த காயிலைத் தொட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு மிகுதி. சில மாடல்களில் ரிமோட்டிலுள்ள சென்சாரையே அறை வெப்பத்துக்கு ஆதாரமாகக் கொள்ளும் வசதி உண்டு. அது இயங்கும்போது ரிமோட் ஏசியின் காற்றுக்கு நேர் எதிரே கிடந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும்.

சோதிக்கும்போது ரிமோட்டில் அணைத்தால் போதாது, ஏசிக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சையே அணைக்க வேண்டும். இன்வெர்ட்டர் வெளி யூனிட்டில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டரில் அணைத்த பிறகும் சில நிமிடங்களுக்கு 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும் என்பதால், அந்தப் பக்கத்தைப் பயிற்சி பெற்றவரிடம் விடுவதே முறை. உள் யூனிட்டில் சென்சாரின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து இரு முள்களிலும் தொட வேண்டும். உலோக முனைகளில் விரல் பட்டால் உடலின் மின்தடையும் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். 10 கிலோ ஓம் வகையானால் 30 டிகிரி அறையில் சுமார் 8 காட்டும். மணியை விரலிடுக்கில் பிடித்தால் துள்ளாமல் 7-ஐ நோக்கி இறங்கும். மணியை நொறுக்கிய பனிக்கட்டி கலந்த தண்ணீரில் சில நிமிடங்கள் வைத்து, மீட்டரை 200 கிலோ ஓம் அளவுக்கு மாற்றினால் 33-ஐ ஒட்டி நிற்க வேண்டும். வயரை மெல்ல அசைக்கும்போது எண் தாவினால் பழுது மணியிலன்று, வயரிலோ இணைப்பிலோ இருக்கிறது.

சென்சார் சரியாக அளந்தும் ஏசி தவறாகவே நடந்தால் சந்தேகம் போர்டின் மீது திரும்பும். சாதாரண 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சென்சாரின் இடத்தில் இணைத்துவிட்டால் போர்டு அறையை 25 டிகிரி என்று கொள்ள வேண்டும்; ரிமோட்டில் 20 வைத்தால் கம்ப்ரசர் ஓடவும், 28 வைத்தால் நிற்கவும் வேண்டும். அப்படி நடந்தால் போர்டில் குறையில்லை.

புதிய சென்சார் வாங்கும்போது முனையின் வடிவமும் கனெக்டரும் பொருந்தினால் மட்டும் போதாது, 25 டிகிரியில் அதன் மதிப்பும் பழையதற்கு உரியதாக இருக்க வேண்டும். 10 கிலோ ஓம் இருக்கவேண்டிய இடத்தில் 5 கிலோ ஓம் சென்சாரைப் பொருத்தினால், 25 டிகிரி அறையைப் போர்டு 40 டிகிரிக்கு மேல் எனக் கணக்கிடும். கம்ப்ரசர் நிற்கவே நிற்காது.