தெவிட்டிய இரும்பும் சூடாகும் சுவிட்சும்

காந்த சுவிட்ச் என்பது இரும்புக் கலவை வளையத்தின் மேல் சுற்றிய கம்பிச் சுருள், அவ்வளவுதான். அசையும் பாகம் இல்லை, தீப்பொறி இல்லை. அப்புறம் ஏன் அதை எண்ணெயில் மூழ்கடித்துக் குளிரவைக்கிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

இரும்பு காந்தமாகிக்கொண்டிருக்கும் வரை சுருள் மின்னோட்டத்தை மறிக்கும். இரும்பு தெவிட்டியதும், அதாவது இனி மேலும் காந்தமாக முடியாத நிலைக்கு வந்ததும், தடை பல நூறு மடங்கு குறைந்து, ஒரு மின்தேக்கியின் ஆற்றல் அடுத்ததற்குப் பாயும். இப்படிச் சில படிகள் வைத்தால் மைக்ரோநொடிகள் நீளும் மின்துடிப்பு நூறு நானோநொடி அளவுக்குச் சுருங்கும். மெல்வில் என்ற பொறியாளர் 1951-இல் விவரித்த வழி இது. சிப் தயாரிப்பின் 193 நானோமீட்டர் லேசர்களில் இது நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது.

இரும்பின் காந்தத் திசையைத் திருப்பும்போதெல்லாம் வீணாகும் ஆற்றல், அதாவது தயக்க இழப்பு, பாடப்புத்தகத்திலேயே உண்டு. இங்கே பெரிய செலவு சுழல் மின்னோட்டம்: காந்தப்புலம் மாறும்போது உலோகத்துக்குள்ளேயே சுற்றியோடும் மின்னோட்டம். அது நடக்கும் விதம் எனக்கு அலுக்காத காட்சி. வளையம் என்பது சுருட்டிவைத்த மெல்லிய உலோக நாடா. துடிப்பு வந்ததும் நாடா முழுவதும் ஒரே நேரத்தில் காந்தத் திசை மாறுவதில்லை. முதலில் இரு பரப்புகளும் மாறும். அங்கே எழும் சுழல் மின்னோட்டம் உட்பகுதியைப் புலத்திலிருந்து மறைக்கும். ஆகவே மாற்றம் இரண்டு சுவர்களாக, இரு பக்கமிருந்தும் உள்நோக்கி நகரும். நடுவில் அவை சந்திக்கும் கணத்தில்தான் சுவிட்ச் முழுமையாக மூடி மின்னோட்டத்தை விடுகிறது. சுவர்களை விரட்டும் செலவுதான் அந்தச் சூடு. காந்தத் திசை மாறும் நேரத்தைப் பாதியாக்கினால் இழப்பு இரட்டிக்கும். நாடாவின் தடிமனைப் பாதியாக்கினால் கால் பங்காகும். ஒவ்வொரு படியிலும் நேரம் குறைவதால், கடைசிப் படியின் இரும்புதான் அதிகம் வேகும்.

சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் தகடு சுமார் 0.3 மில்லிமீட்டர். இங்கே பயன்படும் படிகமற்ற உலோக நாடா சுமார் 0.025 மில்லிமீட்டர்தான், மின்தடை எண்ணும் ஏறக்குறைய மூன்று மடங்கு. உருகிய கலவையைச் சுழலும் செம்புச் சக்கரத்தில் பீய்ச்சி, நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி வேகத்தில் உறையவைத்து அதை எடுக்கிறார்கள். லேசருக்குத் தரும் பணத்தில் சிறு பங்காவது இத்தகைய உலோகவியலுக்குப் போகவேண்டும் என்பேன். 1988-இல் ஜப்பானியர் அறிவித்த நானோபடிகக் கலவை, அதாவது மிக நுண்ணிய படிகங்களாலான கலவை, இழப்பை இன்னும் குறைத்தது.

சரி, நாடாவை மெலிதாக்கிக்கொண்டே போகலாமா? அடுக்குகளுக்கிடையே மின்காப்புப் படலம் வேண்டும். இல்லையென்றால் அவை ஒட்டி ஒரே தடித்த தகடுபோல் நடந்துகொள்ளும். நாடா மெலிய மெலிய, வளையத்தில் படலத்தின் பங்கு கூடி இரும்பின் பங்கு குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட வளையத்தைப் பெரிதாக்க வேண்டியிருக்கிறது.