சொல் விளக்கம்: கிளாம்ஷெல் என்கிற செப்பு

நுவரெலியாவில் ஸ்ட்ரோபெரி விற்கும் கடைகளில் பழம் ஒரு தெளிவான பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும். அடித்தட்டும் மூடியும் ஒரே தகட்டில் பிறந்தவை. நடுவில் ஒரு மடிப்பு மட்டும். மூடினால் விளிம்பில் உள்ள குமிழ் எதிர்க்குழிக்குள் 'டக்' என்று விழுந்து பூட்டிக்கொள்ளும். சுப்பர் மார்க்கெட்டில் முட்டை அடுக்கிய தெளிவான பெட்டியும் இதே இனம். வாங்குகிறவர்கள் 'கண்ணாடிப் பெட்டி' என்கிறார்கள். பொதி செய்கிறவர்களும் விலை கேட்டு எழுதுகிறவர்களும் சொல்லும் பெயர் 'கிளாம்ஷெல்'.

ஒரே தகட்டில் வார்த்த இரு பாதிகள், இடையே பிணைச்சல், ஓரத்தில் பூட்டு. இம்மூன்றும் சேர்ந்தால்தான் அது கிளாம்ஷெல். மூடி தனியே கழன்று வந்தால் அது சாதாரண மூடிப்பெட்டி. மாத்திரை அட்டையில் உள்ளதுபோல ஒரு குமிழுக்குள் பொருளை வைத்து, பின்பக்கம் அட்டையோ தகடோ ஒட்டினால் அது 'பிளிஸ்டர்'. இவற்றைக் குழப்பி எழுதிய விலைக்கேட்புகளை நான் பார்த்திருக்கிறேன். பெட்டியை வடிக்கும் அச்சு தவறாக வந்து சேர்ந்தால் நட்டம் சிறு உற்பத்தியாளருடையது. அதனால்தான் இந்தச் சொல்லின் எல்லையைத் தெளிவாக வரைவது அவசியம் என்று நினைக்கிறேன்.

ஆங்கிலத்தில் 'கிளாம்' என்பது இரட்டை ஓடுள்ள நீர்வாழ் உயிரி. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மட்டி என்பார்களே, அதன் இனம். 'ஷெல்' என்றால் ஓடு. இதோடு நிறுத்திவிடுவார்கள் பெரும்பாலானோர். ஆனால் அந்த உயிரிக்கே பெயர் வந்த வழியைப் பார்க்க வேண்டும். பழைய ஆங்கிலத்தில் 'கிளாம்' என்றால் கட்டு, தளை, இறுகப் பிடித்த பிடி. தச்சுப் பட்டறையில் பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் 'கிளாம்ப்' இதே வேரின் உறவு. இரு ஓடுகளையும் இறுக மூடிக்கொள்வதால் உயிரிக்கு அந்தப் பெயர் வந்தது. பின்னர் மண் அள்ளும் இயந்திரத்தின் இருதாடை வாளிக்கும், மடித்து மூடும் கைத்தொலைபேசிக்கும், உணவுப் பெட்டிக்கும் அதே பெயர் தொற்றியது. ஆகவே கிளாம்ஷெல்லின் அடியில் கிடக்கும் பொருள் 'பிடி'. கடலும் சிப்பியும் இடையில் வந்து போனவை.

உணவு வணிகத்தில் இந்தப் பெயரைப் பரப்பியதில் ஹம்பர்கர் பெட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. 1970களிலிருந்து மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் நுரைத்த பொலிஸ்டைரீன் பெட்டியைப் பயன்படுத்தியது. அமெரிக்காவில் அதைக் கைவிடுவதாக 1990 நவம்பரில் அறிவித்தது. அந்த நுரைக்கு நம் நாட்டில் 'ரெஜிபோம்' என்று பெயர். அதில் செய்த சாப்பாட்டுப் பெட்டிகளுக்கு 2017 செப்டெம்பர் 1 முதல் இலங்கையில் தடை. இன்று கடையில் காணும் தெளிவான பெட்டி பெரும்பாலும் 'பெட்' எனப்படும் பிளாஸ்டிக். தண்ணீர்ப் போத்தலும் அதுவே. அடியில் முக்கோணத்துக்குள் 1 என்ற எண் இருக்கும்.

முட்டைப் பெட்டி இதற்கும் மூத்தது. 1911இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பத்திரிகை நடத்திவந்த ஜோசப் கொய்ல் என்பவர், உடைந்த முட்டைகளுக்கு யார் பொறுப்பு என்று ஒரு பண்ணைக்காரரும் ஹோட்டல்காரரும் போட்ட சண்டையைத் தீர்க்க, ஒவ்வொரு முட்டைக்கும் தனித்தனி இடம் வைத்த காகிதப் பெட்டியை உருவாக்கினார். முட்டையும் முட்டையும் ஒன்றையொன்று தொடக் கூடாது. அவர் கண்ட அந்த விதி இன்றைய பிளாஸ்டிக் பெட்டியிலும் அப்படியே நிற்கிறது.

ஒரு முட்டைப் பெட்டியைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முட்டை ஓட்டின் தடிப்பு ஏறத்தாழ 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர்தான். நல்ல பெட்டியில் முட்டையின் கூர்முனை குழியின் தரையைத் தொடாது, அந்தரத்தில் நிற்கும். முட்டையின் வயிற்றுக்குச் சற்றுக் கீழே ஒரு வளையமாகக் குழியின் சுவர் அதைத் தாங்கும். கீழிருந்து வரும் இடி ஒரு புள்ளியில் குத்தாமல் அந்த வளையம் முழுவதும் பரவிப்போகும். சுவரில் மேலிருந்து கீழாக ஓடும் வரிகள் அழகுக்கு இட்டவை அல்ல. சிறிய முட்டையைப் பிடிக்கவும் பெரிய முட்டைக்கு விலகிக் கொடுக்கவும் அந்த வரிகளே உதவுகின்றன. குழிகளுக்கிடையே கூம்புகள் எழுந்திருக்கும். மூடியைச் சாத்தி, கூம்புக்கு நேர் மேலே விரலால் அழுத்தினால் உறுதியாக இருக்க வேண்டும். முட்டைக்கு நேர் மேலே அழுத்தினால் மூடி கொஞ்சம் அமிழலாம். ஆனால் முட்டையைத் தொடக் கூடாது. மேலே அடுக்கிய பெட்டிகளின் பாரம் கூம்பு வழியாக இறங்குகிறதா, முட்டை வழியாக இறங்குகிறதா என்பது இந்த ஒரு அழுத்தலில் தெரிந்துவிடும்.

வெளிச்சத்தில் பிடித்தால் இன்னொன்றும் தெரியும். இந்தப் பெட்டி, தட்டையான தகட்டைச் சூடாக்கி, மென்மையானதும் அச்சின் மேல் வைத்து, காற்றை உறிஞ்சி இழுத்துச் செய்யப்படுவது. தகடு எவ்வளவு ஆழமாக இழுபடுகிறதோ அவ்வளவுக்கு மெலிகிறது. ஆகவே விளிம்பு தடித்தும், குழியின் அடியும் மூலைகளும் மெலிந்தும் இருக்கும். வடிவமைப்பாளர் அடியைத்தான் பார்க்க வேண்டும். விளிம்பைத் தொட்டுப் பார்த்து 'நல்ல தடிப்பு' என்று சொல்வது ஏமாற்றம் தரும். சூடான தகட்டை முதலில் ஒரு கட்டையால் மெதுவாகக் குழிக்குள் தள்ளிவிட்டுப் பிறகு உறிஞ்சினால் தடிப்பு ஓரளவு சமமாகப் பரவும். சுவர்களும் நேர்குத்தாக இல்லாமல் சில பாகை சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி அச்சை விட்டுக் கழன்று வராது.

முட்டையை எப்படி வைப்பது? கூர்முனை கீழே, அகன்ற முனை மேலே. அகன்ற முனையில் காற்றறை இருக்கிறது. அது மேலே நின்றால் மஞ்சட்கரு நடுவில் தங்கும், முட்டை நாள்பட நன்றாக இருக்கும். ஆனால் நிற்கும் முட்டைதான் விழுந்தால் உடையாது என்ற நம்பிக்கை தவறு. 2025இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் முட்டைகளைச் சிறு உயரங்களிலிருந்து விழவிட்டுப் பார்த்தபோது, படுத்த நிலையில் விழுந்தவை குறைவாக உடைந்தன. படுத்த முட்டையின் ஓடு சற்று வளைந்து கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. எனவே பெட்டியில் முட்டை நிற்பது அதன் உள்ளிருப்பின் நலத்துக்காக. அதிர்ச்சியிலிருந்து காக்கும் வேலை முழுவதும் பெட்டியின் தலையில்.

மலையகத்தில் அந்த வேலை கடினம். முட்டை பெரும்பாலும் குருணாகல் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வருகிறது. கண்டி, கம்பளை, இறம்பொடை வழியாக லொறி ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பாரம் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. சமவெளியில் அடுக்கின் எடையைத் தாங்கினால் போதும். இங்கே மேல்பெட்டி கீழ்ப்பெட்டியின் மேல் வழுக்காமலும் இருக்க வேண்டும். மூடியின் முதுகில் மேடுகளும் அடித்தட்டில் அவற்றுக்கேற்ற பள்ளங்களும் இருப்பது அதற்காகத்தான். முப்பது முட்டை வைக்கும் காகிதக்கூழ் தட்டு நல்ல பொருள், மலிவானது, மண்ணோடு மக்குவது. நான் அதன் பக்கம்தான். ஆனால் நுவரெலியாவின் பனிமூட்டத்தில் அது ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துபோகிறது. பிளாஸ்டிக் தளராது, அதற்குப் பதிலாகக் குளிர்ந்த முட்டை வெப்பக் காற்றுக்கு வரும்போது வியர்க்கும் நீரை வெளியே விடாமல் வைத்துக்கொள்கிறது. துளையில்லாத முட்டைப் பெட்டியை யாராவது விற்க வந்தால் வாங்க வேண்டாம் என்பேன்.

உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்களவு குறைவு. கொழும்பில் காற்றுப் புகாமல் மூடிய சிற்றுண்டிப் பக்கற்றுகள் இங்குள்ள கடைகளில் உப்பிப்போய்த் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். படலம் ஒட்டி மூடிய தட்டில் பழமோ கேக்கோ அனுப்பினால் அந்தப் படலமும் இப்படியே உப்பும். ஒட்டு விட்டுப்போகவும் கூடும். துளையுள்ள பெட்டிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஸ்ட்ரோபெரிக்குத் தோலென்று சொல்லக் கூடிய காப்பு எதுவும் இல்லை. பறித்த பிறகும் மூச்சு விடுகிறது. வெப்பமும் ஈரமும் வெளியே போகாவிட்டால் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும். பெட்டி ஆழமில்லாமல் இருக்க வேண்டும், பழத்தின் மேல் பழம் குவியக் கூடாது, அடியிலும் மூடியிலும் துளைகள் வேண்டும். அந்தத் துளைகள், இவற்றை அடுக்கி அனுப்பும் அட்டை வெளிப்பெட்டியின் துளைகளுக்கு நேராகவும் அமைய வேண்டும். இந்தக் கடைசி விடயத்தைத்தான் அடிக்கடி மறக்கிறார்கள். துளை இருந்தும் அட்டைச் சுவர் அதை அடைத்துக்கொண்டு நிற்கும்.

இனி, தமிழில் என்ன சொல்வது?

'சிப்பிப் பெட்டி' என்று சிலர் பெயர்க்கிறார்கள். மரப்பெட்டி மரத்தால் ஆனது, இரும்புப் பெட்டி இரும்பால் ஆனது. அந்த வழக்கப்படி சிப்பிப் பெட்டியும் சிப்பியால் ஆனதாகத்தான் காதில் விழும். 'மட்டிப் பெட்டி' இன்னும் பொருந்தாது. தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு மட்டியைக் கண்ணால் கண்ட பழக்கமில்லை. 'மட்டி' என்றால் மூடன் என்ற பொருள்தான் முன்னே வரும். சிமிழ் குங்குமத்துக்கு உரியது, சிறியது. பேழை பெரியது.

எனக்குப் பிடித்த சொல் செப்பு. மூடியுள்ள சிறு கலத்துக்குத் தமிழில் மிகப் பழைய பெயர் அது. 'செப்பின் புணர்ச்சிபோல் கூடினும் கூடாதே உட்பகை உற்ற குடி' என்கிறது திருக்குறளின் 887ஆம் பாடல். மூடியும் கலமும் இணைந்த இடம் வெளியே தெரியாதபடி பொருந்தி நிற்கும் என்பதைத்தான் வள்ளுவர் அங்கே உவமையாக எடுக்கிறார். இரு பாதிகளின் பொருத்தம் என்ற கருத்து இந்தச் சொல்லோடு ஒட்டியே பிறந்திருக்கிறது. 'கிளாம்' என்ற வேர் சொல்லும் பிடியும் இதுதான்.

குறுந்தொகையின் ஒன்பதாம் பாடலில் கயமனார் இன்னும் நெருங்கி வருகிறார். 'மடைமாண் செப்பில் தமிய வைகிய பெய்யாப் பூவின் மெய்சாயினளே' என்பது அடி. மடை என்பதற்கு மூட்டுவாய் என்று உரை சொல்கிறார்கள். மூட்டுவாய் நன்றாக அமைந்த செப்புக்குள், யாரும் சூடாமல் தனியே கிடந்த பூவைப் போலத் தலைவி வாடினாள். மெல்லிய, விரைவில் வாடும் ஒரு பொருள். அதற்கென்று ஒரு மூடுகலம். அந்தக் கலத்தின் மூட்டுவாய்க்குத் தனிப் பெயர். இத்தனையும் இரண்டு அடிக்குள் இருக்கின்றன. மூட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் உள்ளே வைத்தது வாடும் என்பதையும் கவிஞர் பார்த்திருக்கிறார். இந்த அடியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மூடியில் துளையில்லாத ஸ்ட்ரோபெரிப் பெட்டிகள் நினைவுக்கு வருகின்றன.

செப்பு என்றால் செம்பு உலோகம் அல்லவா என்று கேட்பார்கள். சொல் நிற்கும் இடத்தைப் பார்த்தால் குழப்பம் தீரும். செப்புக்குடம், செப்பேடு என்று முன்னால் நின்றால் உலோகம். முட்டைச்செப்பு, பழச்செப்பு என்று பின்னால் நின்றால் கலம். 'செப்பு' என்ற வினைக்குச் 'சொல்' என்ற பொருளும் உண்டு. பெயராக எழுதும்போது அது குறுக்கே வராது. தமிழ்நாட்டில் சிறுமிகள் விளையாடும் சிறு பாத்திரங்களுக்குச் செப்பு என்ற பெயர் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆகவே இது அகராதியில் மட்டும் கிடக்கும் சொல் அல்ல.

பொதி செய்யும் தொழிலுக்கு நம் பாடப்புத்தகங்கள் 'பொதியிடல்' என்ற நல்ல சொல்லை வைத்திருக்கின்றன. அதன் கீழ் இந்தக் கலத்தைச் செப்பு என்றும், ஒரே தகட்டில் மடிந்து மூடும் வகையைக் குறிப்பாகச் சொல்ல வேண்டுமானால் 'மடைச்செப்பு' என்றும் எழுதலாம். உறுப்புகளுக்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. மடியும் இடம் பிணைச்சல். கதவுக்கு நாம் சொல்வதுதான். முட்டை அமரும் இடம் குழி. இடையில் பாரம் தாங்குவது கூம்பு. சுற்றியுள்ள தட்டை ஓரம் விளிம்பு, பூட்டுவது குமிழ், மூச்சு விடுவது காற்றுத்துளை. 'பத்துக் குழி முட்டைச்செப்பு, பெட் தகடு, மூடியிலும் அடியிலும் காற்றுத்துளை, கூம்பு மூடியைத் தொட வேண்டும்' என்று ஒரு விலைக்கேட்பை வெலிமடையிலிருந்து தமிழில் எழுதி அனுப்பினால், அச்சு செய்பவருக்கு விளங்காதது எதுவும் அதில் இல்லை.

செப்பு வெறுமையான பிறகு அதன் கதி என்ன என்பது அச்சு செய்பவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்வி. போத்தலுக்கும் செப்புக்கும் ஒரே பெட் என்றாலும், உருகி ஓடும் தன்மை வேறுபடுவதால் மீள்சுழற்சி செய்கிறவர்கள் போத்தலையே விரும்புகிறார்கள்; செப்பை ஒதுக்கிவிடுவது உண்டு. காகித லேபலை முழு முகத்திலும் ஒட்டினால் அதை வாங்குவோர் இன்னும் குறைவார்கள். லேபலைச் சிறிதாக, நீரில் கழரும் பசையால் ஒட்டச் சொல்லுங்கள். 1 என்ற எண்ணை அச்சிலேயே பொறிக்கச் சொல்லுங்கள். ஒட்டிய எண் உரிந்துவிடும்.