எந்த மீனோடு எந்த மீன்? வடசென்னைத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

வடசென்னையின் வண்ண மீன் சந்தையான கொளத்தூரின் கடைகளில் மீன் வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது, "இது அதோட சண்டை போடுமா?" என்றுதான். அதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு உண்டு. தொட்டியில் ஊற்றப்போவது எந்தத் தண்ணீர்? இப்போது ஒரு அங்குலம் இருக்கும் இந்த மீன் ஒரு வருஷத்தில் எவ்வளவு வளரும்? கடைத் தொட்டியில் எல்லா மீனும் ஒற்றுமையாகத் தெரிவதை நம்ப முடியாது. அங்கே இருப்பவை குஞ்சுகள், அதுவும் நெருக்கி அடைக்கப்பட்டவை. இடம் பிடித்துச் சண்டை போடும் வயது இன்னும் வரவில்லை.

முதலில் தண்ணீர். மெட்ரோ வாட்டரில் க்ளோரின் உண்டு. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் போர் தண்ணீரில் கடல் உப்பு ஏறியிருக்கும், டி.டி.எஸ். (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) 1000-ஐத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. கேன் தண்ணீரில் உப்பே போதாது. அதை மட்டும் ஊற்றினால் பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) பிடிமானமில்லாமல் திடீரென்று இறங்கும். பேனா அளவு டி.டி.எஸ். மீட்டரும் பி.எச். அளந்து பார்க்கும் சொட்டு மருந்தும் வாங்கிவிடுங்கள். மீனைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலையை இந்த இரண்டும் முடித்துவிடும்.

டி.டி.எஸ். 600-க்கு மேல், பி.எச். 7.5-க்கு மேல் என்றால் கப்பி, மோலி, பிளாட்டி, ரெயின்போ வகைகள் சௌக்கியமாக இருக்கும். மோலிக்கு உப்புத் தண்ணீர் பிடிக்கவே செய்யும். நியான் டெட்ரா, டிஸ்கஸ், ராம் சிக்லிட் போன்றவை உப்பு குறைந்த, மென்மையான தண்ணீரில் வாழும் தென் அமெரிக்க மீன்கள். இவற்றைக் கப்பியோடு போட்டால் சண்டை எதுவும் வராது, ஆனால் இரண்டில் ஒன்று மெல்ல மெல்ல இளைத்துச் சாகும். "ரெண்டுமே சாதுவான மீன்தானே, ஏன் செத்துச்சு?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் பதில். கொளத்தூர், மாதவரம், செங்குன்றம் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் பிறந்து வளர்ந்த ஏஞ்சல், கௌராமி, ஃபைட்டர் ஆகியவை நம் தண்ணீருக்கு ஓரளவு பழகியவை. அதனால் எங்கே வளர்ந்த மீன் என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

கடினத் தண்ணீரோடு நம் வெயிலும் சேரும்போது இன்னொரு ஆபத்து. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் விஷ வடிவம் எவ்வளவு என்பது பி.எச்.சையும் சூட்டையும் பொறுத்தது. பி.எச். 7, 25 டிகிரியில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. பி.எச். 8, 30 டிகிரியில் ஏழு சதவீதத்தைத் தாண்டுகிறது. குளிர்காலத்தில் தாக்குப்பிடிக்கும் நெரிசல், மே மாதத் தண்டையார்பேட்டையில் இரண்டே நாளில் தொட்டியைக் காலி செய்வது இதனால்தான். புதுத் தொட்டியில் ஃபில்டரை ஓட்டி, அம்மோனியாவை உடைக்கும் பாக்டீரியா வளர 4 முதல் 6 வாரம் விடுங்கள். பொறுமை இல்லாதவர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்றை வாங்கிப் பொருத்தினால் காத்திருக்கும் காலம் நன்றாகக் குறையும்.

சூடு என்றதும் கோல்டு ஃபிஷ். எட்டு தங்க நிறம், ஒரு கறுப்பு என்று ஒன்பது மீனைக் கணக்காக வாங்கி இரண்டடித் தொட்டியில் விடுவது இங்கே வழக்கம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் விளிம்பு வரை 56 லிட்டர்தான்; கல், மணல் போக 45 லிட்டர் தேறும். ஒரு கோல்டு ஃபிஷுக்கே அது சரியாகப் போய்விடும். 18 முதல் 23 டிகிரி வரை சுகமாக இருக்கும் மீன் அது. 28 டிகிரிக்குப் பழகிய மற்ற மீன்களோடு ஒரே தொட்டியில் யாராவது ஒருவர் கஷ்டப்பட்டே ஆக வேண்டும். வாஸ்துவுக்காக வளர்ப்பவர்களும் இந்த லிட்டர் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது வாய். ஒரு மீனின் வாய்க்குள் இன்னொன்று நுழையுமானால், என்றைக்காவது நுழைந்தே தீரும். கைநகம் அளவில் வாங்கிய ஏஞ்சல், 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு வளரும். அதுவரை கூடவே திரிந்த நியான் டெட்ராக்கள் அப்போது இரவில் ஒவ்வொன்றாகக் குறையும். செத்த உடல் எங்கும் கிடக்காது. ஆஸ்கர் ஒரு அடி வளரும். 'ஷார்க்' என்று குட்டியாக விற்கப்படும் பங்காசியஸ் ஒரு மீட்டரையும் தாண்டும். வீட்டுத் தொட்டிக்கு அது ஆகவே ஆகாது. ஃப்ளவர்ஹார்ன் தனியாகத்தான் இருக்கும், வாதமே வேண்டாம்.

சுபாவத்தில் கடையிலேயே தொடங்கும் தவறு, ஜோடிக் கணக்கில் வாங்குவது. விலையை ஜோடிக்குச் சொல்வதால் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு எடுத்து வருகிறோம். டைகர் பார்ப் இரண்டு இருந்தால் ஒன்றையொன்று துரத்தும். அலுத்துப்போனால் ஏஞ்சல், கப்பி, ஃபைட்டர் இவற்றின் நீண்ட துடுப்பைக் கடிக்கும். அதையே எட்டு, பத்தாக விட்டால் சண்டை தங்களுக்குள் முடிந்துவிடும். அப்போதும் நீளத் துடுப்பு மீன்களை அதே தொட்டியில் சேர்க்கக் கூடாது. ட்வார்ஃப் கௌராமியில் பளிச்சென்று நிறமாக இருக்கும் இரண்டை எடுத்தால் இரண்டுமே ஆண். ஒன்று தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும். மற்றது மேல் மூலையில் ஒடுங்கி, தீனிக்கும் வராமல் இருந்து சாகும். கப்பி, மோலி, பிளாட்டியில் ஒரு ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கு. இல்லாவிட்டால் ஓயாத துரத்தலில் பெண் மீன் செத்துப்போகும். குஞ்சு வேண்டாம் என்பவர்கள் ஆண் கப்பி மட்டும் வாங்கலாம்.

பாசி தின்னும் என்று நம்பி வாங்கும் இரண்டு மீன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மஞ்சள் நிறத்தில் வரும் சைனீஸ் ஆல்கே ஈட்டர், சின்ன வயதில் கண்ணாடியைச் சுத்தம் செய்யும். வளர்ந்ததும் பாசியை விட்டுவிட்டு ஏஞ்சல், கோல்டு ஃபிஷ் போன்ற அகலமான மீன்களின் பக்கவாட்டில் ஒட்டி, உடம்பின் வழவழப்பைச் சுரண்டித் தின்னும். விளக்கை அணைத்து அரை மணி கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் கையும் களவுமாகப் பிடிபடும். காலையில் மீனின் விலாவில் வட்டமாக வெளுத்த தழும்பு இருக்கும், அதைப் பூஞ்சை என்று நினைத்து மருந்து ஊற்றுவார்கள். சாதாரண சக்கர் மீனும் பசித்தால் இதையே செய்யும், ஒன்றரை அடி வரை வளரவும் செய்யும். பதிலுக்கு 12 சென்டிமீட்டரோடு நின்றுவிடும் பிரிசில்நோஸ் வகையைத் தேடுங்கள்.

இங்கே சரிப்பட்டு வரும் சில சேர்க்கைகள்: போர் தண்ணீர், இரண்டடித் தொட்டி என்றால் பத்து ஆண் கப்பி, அல்லது ஒரு ஆண், மூன்று பெண் பிளாட்டி. மெட்ரோ வாட்டர், மூன்றடித் தொட்டி (130 லிட்டர் அளவு) என்றால் முத்து கௌராமியில் ஒரு ஆண், இரண்டு பெண், நடுமட்டத்துக்குப் பத்து செர்ரி பார்ப், அடியில் மணல் போட்டு ஆறு குலி லோச். ஒன்றரை அடி உயரத் தொட்டியில் ஏஞ்சல் வேண்டுமானால் குட்டியாக நான்கு விடுங்கள். அவற்றில் ஒரு ஜோடி சேர்ந்து முட்டையிட இடம் பிடித்ததும் மற்ற இரண்டையும் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் கண்ணும் செதிலும் மிஞ்சாது. கோரிடோரஸ் நல்ல மீன்தான், ஆனால் 26 டிகிரிக்கு மேல் வாடும், ஏ.சி. அறையில் வைத்தால் மட்டுமே சொல்வோம்.

புது மீனை நேரே தொட்டியில் விடாதீர்கள். தனி டப்பில் ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு மூன்று வாரம் வைத்து, வெள்ளைப் புள்ளி, துடுப்பு அழுகல் இல்லை என்று பார்த்த பிறகு மாற்றுங்கள். சாதுவானவை முதலில், இடம் பிடிப்பவை கடைசியில். பழைய மீன் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தால், கல்லையும் செடியையும் இடம் மாற்றி விளக்கை அணைத்துவிட்டுப் புதியதை விடுங்கள். எல்லை குழம்பி, இரண்டும் புதிதாகத் தொடங்கும். வாரம் 25 சதவீதம் தண்ணீர் மாற்றும்போது க்ளோரினுக்குச் சோடியம் தயோசல்பேட் போடுங்கள்: லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் க்ளோரின் என்றால் 100 லிட்டருக்கு 0.7 கிராம். கோடையில் ஆவியான அளவை ஈடுகட்டப் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். அதற்கு மட்டும் கேன் தண்ணீர் நல்லது. கரண்ட் போகும் நேரத்துக்குப் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

எல்லா மீனும் மேலே வந்து வாய் பிளந்தால் பிரச்சினை தண்ணீரில். உடனே கால் பங்கு மாற்றி ஏர் பம்ப்பைக் கூட்டுங்கள். ஒன்று மட்டும் மூலையில் ஒதுங்கினால் அடிப்பது எது என்று பத்து நிமிஷம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். அடிபடுவதை அல்ல, அடிப்பதைப் பிரித்து ஒரு வாரம் டப்பில் வையுங்கள்.

தொட்டிக்கு மிஞ்சி வளர்ந்ததை ரெட்டேரியிலோ புழல் ஏரியிலோ விடவே கூடாது. சக்கர் மீன் இந்திய நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, வலையைக் கிழித்து, நாட்டு மீன்களின் முட்டையைத் தின்று தொல்லை தருவது இப்படி விட்டதால்தான். வளர்ந்த மீனைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கும்போதே கேளுங்கள். எடுத்துக்கொண்டு பதிலுக்குத் தீனியோ குட்டி மீனோ தரும் கடைகளும் கொளத்தூரில் உண்டு.