பனி கொட்டிய சனிக்கிழமையும் பாதியாய்ப் போன பட்ஜெட்டும்

2022 மார்ச் 12. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் க்ராய்டன் என்று ஒரு சிற்றூர். மொத்தமே சுமார் 800 பேர்தான். அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பட்ஜெட்டை நிறைவேற்ற வேண்டிய ஆண்டுக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் மிகக் குறைவு. பட்ஜெட் சுமார் 17 லட்சம் டாலர். ஒருவர் எழுந்து, அதை 8 லட்சமாக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 20, எதிர்ப்பு 14. திருத்தம் நிறைவேறிவிட்டது. ஊர்ப் பிள்ளைகளின் படிப்புச் செலவு ஒரே மதியத்தில் பாதிக்கும் கீழே போனது.

இப்படி நடக்க முடியுமா? முடியும். சட்டப்படியே முடியும். அந்த ஊர்களில் பட்ஜெட் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

நம் நகராட்சிகளில் பட்ஜெட்டை நிறைவேற்றுவது கவுன்சிலர்கள். நியூ ஹாம்ப்ஷயரில் 13 நகரங்களும் 221 ‘டவுன்’களும் இருக்கின்றன. பெரும்பாலான டவுன்களில் அந்த நடு ஆட்கள் கிடையாது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சேர்ந்ததுதான் மன்றம். மார்ச் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஊர்த்தேர்தல். அதையொட்டியே ஊர்க்கூட்டமும் கூடுகிறது. பள்ளிக்கூடத்துக்குச் சட்டப்படி தனி அமைப்பு உண்டு என்றாலும் வாக்காளர்கள் அதே ஆட்கள்தான், கூட்டமும் அதே முறையில்தான்.

வேலை கோடையிலோ இலையுதிர் காலத்திலோ தொடங்குகிறது. சாலைப் பொறுப்பாளர், போலீஸ் தலைவர், தீயணைப்புத் தலைவர், நூலகப் பொறுப்பாளர்கள் என்று ஒவ்வொருவரும் அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுதித் தருவார்கள். பனி வாரும் வண்டிக்கு டீசல், சாலையில் தூவ உப்பு, மணல் என்று குளிர்காலமே ஒரு பெரும் செலவு. எத்தனை முறை பனி விழும் என்று யாருக்குத் தெரியும்? முந்தைய ஆண்டுகளைப் பார்த்து ஒரு கணிப்புதான். இந்தக் கேட்புகளையெல்லாம் ‘செலக்ட் போர்டு’ எனப்படும் மூன்று அல்லது ஐந்து பேர் கொண்ட நிர்வாகக் குழு கூட்டிக் கழித்துப் பார்க்கும். சில ஊர்களில் இதற்கென்றே தனியாக ஒரு பட்ஜெட் கமிட்டியும் உண்டு. அப்புறம் மக்கள் கருத்துக்கேட்பு. கூட்டத்துக்கு 14 நாள் முன்பாவது ‘வாரண்ட்’ ஒட்டப்பட வேண்டும். வாரண்ட் என்றதும் நமக்குப் போலீஸ்தான் நினைவுக்கு வரும். இங்கே அது ஊரைக் கூட்டத்துக்கு அழைக்கும் ஆணை. என்னென்ன தீர்மானங்கள் வரப்போகின்றன என்ற பட்டியலும் அதிலேயே இருக்கும். சாதாரண வாக்காளர்கள் 25 பேர் கையெழுத்துப் போட்டால் தங்கள் தீர்மானத்தையும் அதில் சேர்க்க வைக்கலாம். சின்ன ஊர் என்றால் 25கூட வேண்டாம், பத்துப் பேர் வரை குறையும்.

இதில் ஒரு விநோதம் உண்டு. பல டவுன்களுக்கு நிதியாண்டு ஜனவரியில் தொடங்கிவிடுகிறது, பட்ஜெட் நிறைவேறுவதோ மார்ச்சில். இடைப்பட்ட நாட்களில் பனி வார வேண்டாமா? போன ஆண்டுச் செலவை அளவாக வைத்து நியாயமான அளவுக்குச் செலவழித்துக்கொள்ள சட்டம் இடம் கொடுக்கிறது.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? இந்த மாநிலத்தில் பொது விற்பனை வரி கிடையாது, சம்பளத்துக்கு மாநில வருமான வரியும் கிடையாது. வாகனப் பதிவுக் கட்டணமும் மாநிலம் தரும் பங்கும் கொஞ்சம் கைகொடுக்கும். மீதிச் சுமை முழுக்கச் சொத்து வரியின் தலையில்.

அந்த வரியைக் கணக்கிடும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நம் ஊரில் வரி விகிதம் முதலில் இருக்கிறது. வசூலாவதைப் பார்த்துச் செலவைத் திட்டமிடுகிறோம். அங்கே செலவைத்தான் முதலில் முடிவு செய்கிறார்கள், விகிதம் கடைசியில் வகுத்தலில் கிடைக்கும் ஈவு. ஓர் எடுத்துக்காட்டு: ஒப்புதலான செலவு 16 லட்சம் டாலர், மற்ற வருவாய் 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 12 லட்சம். ஊரில் உள்ள சொத்துகளின் மொத்த மதிப்பு 20 கோடி என்றால் ஒவ்வோர் ஆயிரம் டாலர் மதிப்புக்கும் 6 டாலர் வரி. 3 லட்சம் டாலர் வீடு வைத்திருப்பவர் 1,800 டாலர் கட்டுவார். கூட்டத்தில் 50,000 டாலருக்கு ஒரு லாரி வாங்கலாம் என்று கை தூக்கினால், அவர் பில்லில் 75 டாலர் கூடும். கை தூக்கும்போதே அந்தக் கணக்கை அவர் மனதில் போட்டுவிடலாம். விகிதத்தை அதிகாரபூர்வமாக நிர்ணயிப்பது மாநில வருவாய்த் துறை, அதுவும் இலையுதிர் காலத்தில்.

கூட்டத்தை நடத்துபவர் ஊரார் தேர்ந்தெடுத்த கூட்டத் தலைவர். ஒவ்வொரு தீர்மானமாக வாசிப்பார், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், தொகையைக் கூட்டவோ குறைக்கவோ திருத்தம் கொண்டுவரலாம். ஐந்து பேர் எழுதிக் கொடுத்தால் ரகசிய வாக்கெடுப்பு. நிறைவேறுவது மொத்தத் தொகைதான். அதற்குள் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்ற செலக்ட் போர்டுக்கு உரிமை உண்டு. ஆனால் ஊர் வேண்டாம் என்று நீக்கிய ஒரு காரியத்துக்கு ஒரு சென்ட்கூடத் தொடக்கூடாது.

பட்ஜெட் கமிட்டி உள்ள ஊர்களில், அது பரிந்துரைத்த தொகைக்கு மேல் 10 சதவீதத்துக்கு அதிகமாகக் கூட்டம் ஏற்ற முடியாது. குறைப்பதற்கு அப்படியொரு வரம்பு இல்லை. ஆண்டுக் கூட்டத்துக்கு இத்தனை பேராவது வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. க்ராய்டனில் 34 வாக்குகள் அத்தனையையும் முடிவு செய்தது இப்படித்தான்.

1995இல் வந்த ஒரு சட்டம் ஊர்களுக்கு இன்னொரு வழியைத் திறந்தது. முதலில் விவாதக் கூட்டம், சில வாரம் கழித்து வாக்குச்சாவடியில் ஓட்டு. பட்ஜெட் தோற்றால் போன ஆண்டை ஒட்டிய ஒரு மாற்று பட்ஜெட் தானாக நடைமுறைக்கு வரும். ஓட்டுப் போடுபவர்கள் கூடுகிறார்கள், உண்மைதான். ஆனால் சாலைப் பொறுப்பாளரை எதிரில் நிறுத்தி ‘இவ்வளவு உப்பு எதற்கு?’ என்று கேட்டுவிட்டு வாக்களிப்பதில் உள்ள தெளிவு வாக்குச்சீட்டில் கிடைக்காது. எனக்குப் பழைய முறைதான் மேலாகத் தெரிகிறது, க்ராய்டனுக்குப் பிறகும்.

க்ராய்டன்காரர்கள் மனுப் போட்டுச் சிறப்புக் கூட்டம் கேட்டார்கள். அங்கேதான் சட்டம் இறுக்கிப் பிடித்தது. ஒதுக்கிய தொகையைச் சிறப்புக் கூட்டத்தில் மாற்ற வேண்டுமானால் பதிவான வாக்காளர்களில் பாதிப் பேராவது வாக்களிக்க வேண்டும். ஆண்டுக் கூட்டம் எப்போது என்று எல்லோருக்கும் தெரியும், சிறப்புக் கூட்டம் அப்படியல்ல. சிலர் மட்டும் அவசரமாகக் கூடி ஊரின் முடிவைப் புரட்டிவிடாமல் இருக்கத்தான் இந்த விதி. இப்போது அதுவே இவர்கள் வழியில் நின்றது. 565 வாக்காளர்களில் 283 பேர் தேவை. வீடு வீடாகப் போனார்கள், போன் செய்தார்கள். பிடிக்காதவர்கள் வராமல் இருந்தாலே போதும், கூட்டம் செல்லாமல் போய்விடும் என்ற பயமும் இருந்தது.

மே 7 அன்று 379 பேர் வாக்களித்தார்கள். பழைய பட்ஜெட்டுக்கு ஆதரவு 377, எதிர்ப்பு 2.