எம்.ஆர்.ஐ. நார்மல்தான், பிள்ளை நார்மல் இல்லையே!

மறுபடியும் ஒரு பிள்ளை மூன்று வாரம் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது. கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லயன் வீடு, எட்டு வயதுப் பெண். முதலில் தூக்கம் போனது. அப்புறம் காரணமில்லாத அலறல், அம்மாவையே அடிப்பது. பிறகு பேச்சு குறைந்து குறைந்து நின்றேவிட்டது. என்னிடம் வந்தபோது எதையோ மெல்வதுபோல வாய் அசைந்துகொண்டே இருந்தது, வாயில் ஒன்றுமில்லை. கழுத்தில் இரண்டு தாயத்து, அப்பா கையில் ஸ்கேன் கவர். "நார்மல்னு சொல்லிட்டாங்க டாக்டர்."

தாயத்தோடு எனக்குச் சண்டையில்லை. கட்டிக்கொண்டே வாருங்கள், ஆனால் வாருங்கள். என் கோபமெல்லாம் அந்த 'நார்மல்' மேல்தான்.

அந்தப் பிள்ளைக்கு வந்திருப்பது ஆன்டி என்.எம்.டி.ஏ. ரிசெப்டார் மூளையழற்சி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் நோய். நரம்பியல் மருத்துவர் டல்மாவின் குழுவினர் 2007-இல் இதற்குக் காரணமான எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) அடையாளம் காட்டினார்கள். கட்டி, ரத்தக்கசிவு என்றால் ஸ்கேனில் தெரியும். இங்கே நரம்பணுவின் மேலிருந்து செய்தியை வாங்கும் ரிசெப்டார்கள்தான் குறைந்துபோகின்றன. மூளையின் உருவம் அப்படியே இருக்கும், வேலைதான் கெடும். இந்த நோய் வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் முதல் எம்.ஆர்.ஐ. நார்மலாகவே இருக்கும். நார்மல் ஸ்கேன், நார்மல் பிள்ளை என்று எழுதிக் கொடுப்பதல்ல!

உறுதிசெய்ய முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும். கால் விழுந்துவிடும் என்று பாதிப் பேர் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஐயா, ஊசி போகிறது. இளம் டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை: எதிர்ப்பொருளை ரத்தத்தில் மட்டும் பார்த்து நெகட்டிவ் என்று ஃபைலை மூடாதீர்கள். ஹெர்பிஸ் வைரஸால் வரும் மூளைக்காய்ச்சல் தேறிய சில வாரத்தில் பிள்ளை மறுபடி மோசமானால் இதையும் நினையுங்கள். பிள்ளையை அடக்குவதற்காக ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைப் போடும் முன் யோசியுங்கள். உடம்பு விறைத்து, காய்ச்சல் ஏறி, நிலைமை இன்னும் மோசமாகலாம்.

பெற்றோருக்கு: சில நாட்களுக்குள் குணம் மாறி, தூக்கமும் பேச்சும் குறைந்து, வலிப்போ விநோத அசைவோ சேர்ந்தால் காத்திருக்காதீர்கள். ஃபோனில் வீடியோ எடுங்கள், அது எங்களுக்குப் பெரிய உதவி. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கையில் சாவியைத் திணிக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். பனிமூட்டத்தில் மலைப்பாதை இறங்கப் பயமாகத்தான் இருக்கும். ஊரிலிருக்கும் ஆஸ்பத்திரியில் முதலில் வலிப்பை நிறுத்திக்கொண்டு கோவைக்கு இறங்குங்கள்.

ஸ்டீராய்டு, ஐ.வி.ஐ.ஜி. (நரம்பு வழியாக ஏற்றும் எதிர்ப்பொருள் மருந்து) சீக்கிரம் ஆரம்பித்தால் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள். ஆனால் மாதக்கணக்காகும். டீச்சர்களே, தயவுசெய்து அதுவரை "நடிக்கிறாள்" என்று சொல்லாதீர்கள். சிலருக்கு இது திரும்பியும் வரும். தூக்கம் மறுபடி கெட ஆரம்பித்தால் பழைய ஃபைலை எடுத்துக்கொண்டு அன்றைக்கே வாருங்கள்.