பூனை மூடிவிட்டுப் போன மண்ணில் என்ன நடக்கிறது?

பாத்தியைக் கொத்திவிட்டு விதை போட உட்காரும்போதுதான் அது பெரும்பாலும் அகப்படும். மேலே மண் சமமாக, சுத்தமாகத் தெரியும். விரல் உள்ளே போனதும் நாற்றம் கிளம்பும். அக்கம்பக்கத்துப் பூனை ஒன்று இரவில் வந்து, குழி பறித்து, மலம் கழித்து, நேர்த்தியாக மூடிவிட்டுப் போயிருக்கிறது. கோபம் வருவது நியாயம்தான். ஆனால் நாறும் புது மலத்தைவிட, நாற்றமெல்லாம் அடங்கி மண்ணோடு மண்ணாகிவிட்ட பழைய மலத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

காரணம், டாக்சோபிளாஸ்மா கோண்டி என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. 1908இல் வட ஆப்பிரிக்காவின் துனிஸ் நகரில் ஒரு கொறிவிலங்கின் உடலில் இதை நிக்கோல், மான்சோ என்ற ஆய்வாளர்கள் கண்டார்கள். அதே ஆண்டு பிரேசிலில் ஒரு முயலின் உடலிலும் இது கண்டறியப்பட்டது. ஆனால் இது பரவுவதில் பூனைக்கு உள்ள பங்கு தெளிவாக 1970ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை ஆயிற்று. எலி, ஆடு, பறவை, மனிதர் என்று வெப்ப இரத்த உயிர்கள் எதன் உடலிலும் இது வாழும். ஆனால் ஆண், பெண் செல்கள் இணையும் பாலினப் பெருக்கம் நடப்பது பூனைக் குடும்பத்து விலங்குகளின் குடலில் மட்டுமே.

ஏன் பூனை மட்டும்? இதற்கான விடை 2019இல்தான் கிடைத்தது. லினோலீயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை வேறொன்றாக மாற்றும் நொதி ஒன்று மற்றப் பாலூட்டிகளின் குடலில் வேலை செய்கிறது. பூனையின் குடலில் அது வேலை செய்வதில்லை. அதனால் அங்கே அந்த அமிலம் மிகுதியாகத் தங்குகிறது. ஒட்டுண்ணிக்கு அதுதான் அடையாளம். ஆய்வாளர்கள் எலிகளில் அந்த நொதியை மருந்தால் தடுத்து, லினோலீயிக் அமிலத்தையும் ஊட்டியபோது, பூனைக் குடலில் மட்டுமே நடக்கும் அந்தப் பெருக்கம் எலியின் குடலிலும் நடந்தது.

இந்தப் பெருக்கத்தின் விளைவுதான் ஊசிஸ்ட். ஒட்டுண்ணியை உள்ளே வைத்துக் காக்கும் முட்டை போன்ற உறை இது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். முதல் முறை தொற்று ஏற்பட்ட பூனை, ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை இவற்றைக் கோடிக்கணக்கில் மலத்தோடு வெளியேற்றும். அதன்பின் எதிர்ப்புச் சக்தி வந்துவிடுவதால் பெரும்பாலும் நின்றுவிடும். எனவே பாத்தியில் கண்ட ஒவ்வொரு மலத்திலும் இது இருக்கும் என்று எண்ண வேண்டியதில்லை. வேட்டையாடக் கற்றுக்கொள்ளும் இளம் பூனைகளிடம்தான் வாய்ப்பு அதிகம். பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை என்பதே சிக்கல்.

இனி நாள் கணக்குக்கு வருவோம். மலத்தோடு வெளிவந்த ஊசிஸ்ட் உடனே தொற்றாது. காற்றும் ஈரமும் பட்டு உள்ளே முதிர்ச்சியடைய ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். முதிர்ந்துவிட்டாலோ ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ப்ளீச்சிங் கரைசலும் அதை அசைக்காது. மழை மலத்தைக் கரைத்துவிடும். ஊசிஸ்ட் மண்ணில் தங்கும், கீரை இலையில் தெறிக்கும், நீரோடும் போகும். 1995இல் கனடாவின் விக்டோரியா நகரில் சுமார் 100 பேருக்குத் தொற்று உறுதியானதற்கு, நகரின் குடிநீர்த் தேக்கத்தில் இது கலந்ததே காரணமாகக் கருதப்பட்டது.

நல்ல உடல்நிலை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சிலருக்குக் காய்ச்சலும் நெறிகட்டலும் வரும். கருவுற்றிருக்கும்போது முதல் முறையாகத் தொற்றினால்தான் விபரீதம். கருச்சிதைவு, குழந்தையின் மூளையிலும் விழித்திரையிலும் பாதிப்பு என்று போகும். நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு மூளையழற்சி வரலாம். அதற்காகக் கருவுற்ற பெண் வீட்டுப் பூனையைத் துரத்த வேண்டாம். அதைத் தடவிக் கொடுப்பதால் வரும் ஆபத்து மிகச் சிறியது. மண் வேலையையும் மலம் அள்ளுவதையும் அந்த மாதங்களில் வேறொருவர் செய்யட்டும். சரியாக வேகாத இறைச்சியாலும் இது தொற்றும் என்பதை மறந்துவிடக் கூடாது.

பூனையின் உருளைப்புழு முட்டைகளும் மண்ணில் சில வாரங்கள் முதிர்ந்த பிறகே தொற்றும். பிறகு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மண்ணை வாயில் வைக்கும் குழந்தைகளின் உடலில் இளம் புழு அலைந்து, அரிதாகக் கண்ணுக்குள் போய்ப் பார்வையைக் கெடுக்கும். கொக்கிப்புழுவின் இளம் புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையும். ஆழத்துக்குப் போக முடியாமல் தோலுக்குள்ளேயே நெளிந்து, அரிக்கும் சிவப்புக் கோடுகளை இழுக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான விஷயம், முதிர்வதற்கு அவகாசம் தேவை என்பது. ஆகவே தினமும் காலையில் பாத்தியைப் பார்த்து, கையுறை போட்டுக்கொண்டு, சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்து அள்ளிப் பையில் கட்டி அப்புறப்படுத்துவதே நான் முதலில் சொல்லும் வழி. உரக்குழியில் மட்டும் போடாதீர்கள். வீட்டு உரக்குழி இவற்றைக் கொல்லும் அளவுக்குச் சீராகச் சூடாவதில்லை. கொத்துக்கருவியைக் கொதிக்கும் நீரில் கழுவுங்கள், சூட்டை ஊசிஸ்ட் தாங்காது.

பூனை வராமலிருக்க, அது எதைத் தேடி வருகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு வேண்டியது தளர்ந்த, காய்ந்த, வெறும் மண். விதைத்த பாத்தியின் மேல் கம்பி வலையைப் படுக்கவைத்தால் செடி கண்ணிகள் வழியே முளைக்கும், பூனையால் பறிக்க முடியாது. நான் பார்த்தவரை இதற்கு இணையான வழி வேறில்லை. மண்ணை ஈரமாக வைத்தாலும் பூனை தயங்கும், ஆனால் அதே ஈரம் ஊசிஸ்ட்டின் ஆயுளையும் கூட்டும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களின் வாசம் சில நாளில் போய்விடும். அந்துருண்டை போடவே கூடாது. அதிலுள்ள நாப்தலீன் பூனைக்கு நஞ்சு. நாம் சாப்பிடும் கீரை வளரும் மண்ணுக்கும் நல்லதல்ல.

தோட்டத்தின் ஒதுக்குப்புறத்தில் காய்ந்த மணலைக் கொட்டி ஓர் இடம் ஒதுக்கினால், பாத்திகள் வலையால் மூடியிருக்கும்போது பூனை பெரும்பாலும் அங்கேயே போகப் பழகும். தினமும் அள்ள வேண்டிய இடம் எது என்பதும் அப்போது நமக்குத் தெரிந்துவிடும். குழந்தைகள் விளையாடும் மணல் வேறாக இருந்தால், பொழுது சாயும்போது அதன்மேல் ஒரு தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிடுங்கள்.