சைக்கிளிங்: தொட்டி பழக்குதல்

“டேங்கை சைக்கிள் பண்ணிட்டீங்களா?” வண்ணமீன் வளர்ப்பவர்கள் புதிதாக இறங்கியவரிடம் முதலில் கேட்பது இதைத்தான். கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஃபில்டரைக் காட்டுவார். “ஓடிட்டுத்தானே இருக்கு, தண்ணி நல்லா சுத்துதே!” தண்ணீர் சுற்றுவதற்கும் சைக்கிளிங்குக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று அவருக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள், வாங்கி வந்த கப்பி மீன்களில் பாதி செத்து மிதக்கும்.

சைக்கிளிங் என்பது, மீனின் கழிவை மாற்றித் தரும் பாக்டீரியாக்கள் புதிய தொட்டியில் குடியேறிப் பெருகும்வரை செய்யும் ஏற்பாடு. மீன் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவை வெளிவிடுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான். ஏரியில் இது பெரிய விஷயமில்லை. 50 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் அதற்குப் போக இடமில்லை. ஒரு கூட்டம் பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான், ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி ஆக்கிவிடும். ரத்தமும் செவுளும் பழுப்பேறி, மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கிக்கொள்ளும். இரண்டு கூட்டமும் போதிய அளவு பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும்.

இதைக் கண்ணால் பார்க்க முடியாது. டெஸ்ட் கிட்டில்தான் தெரியும். பரவலாக விற்கும் சொட்டு மருந்து கிட்டில், அம்மோனியா இல்லாத தண்ணீர் சோதனைக் குழாயில் மஞ்சளாக நிற்கும். அம்மோனியா ஏற ஏறப் பச்சையாகும். நைட்ரைட்டுக்கு உரிய குழாய் வெளிர்நீலத்திலிருந்து ஊதாவுக்குப் போகும். முதலில் பச்சை அடர்ந்துகொண்டே வரும், அப்புறம் அது இறங்க இறங்க ஊதா ஏறும். கடைசியில் ஒருநாள் முதல் குழாய் மஞ்சளாகவும் இரண்டாவது நீலமாகவும் நிற்கும், நைட்ரேட் குழாய் மட்டும் சிவந்திருக்கும். சோதித்துப் பார்க்கக் கொஞ்சம் அம்மோனியா சேர்த்து, ஒரு நாளுக்குள் இப்படிக் காட்டினால் தொட்டி தயார். இடையில், முதல் சில நாட்களில், தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்துப் போவதும் உண்டு. அது வேறு வகை பாக்டீரியா பெருகுவதால் வருவது, தானே தெளியும். பலர் பயந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவி மறுபடி முதலிலிருந்து தொடங்குவது இந்த இடத்தில்தான்.

போர் தண்ணீர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அம்மோனியா எவ்வளவு கொல்லும் என்பது பிஎச் அளவை, அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையைப் பொறுத்தது. 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால், மொத்த அம்மோனியாவில் நஞ்சான வடிவில் இருப்பது அரை சதவீதத்துக்குச் சற்று மேல். பிஎச் 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். கிட் காட்டும் பச்சை ஒன்றுதான். ஒருவர் வீட்டில் மீன் பிழைக்கும், அடுத்தவர் வீட்டில் சாகும்.

சரி, சொல்லுக்கு வருவோம். கிரேக்கத்தில் வட்டம், சக்கரம் இரண்டையும் குறிக்கும் ‘கிக்ளோஸ்’ என்ற சொல், லத்தீன் வழியாக ஆங்கிலத்தில் ‘சைக்கிள்’ ஆனது. நாம் மிதிக்கும் சைக்கிளும் அதே வேர்தான். வடமொழிச் ‘சக்ர’வும் அந்தக் கிரேக்கச் சொல்லும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து பிரிந்தவை, அந்த வகையில் நம்மிடம் புழங்கும் ‘சக்கரம்’ சைக்கிளுக்குத் தூரத்து உறவு. பழந்தமிழில் சக்கரத்துக்குத் திகிரி, ஆழி என்று தனிச் சொற்கள் உண்டு. மீன்தொட்டிக்கு இந்தச் சொல் வந்தது ‘நைட்ரஜன் சைக்கிள்’ என்ற அறிவியல் தொடரைச் சுருக்கியதால். தமிழ்நாட்டுப் பாடநூலில் அது நைட்ரஜன் சுழற்சி, இலங்கையில் நைதரசன் வட்டம். உழவர்களுக்கு நைட்ரஜன் தழைச்சத்து.

கழிவில் நடக்கும் இந்த மாற்றம் உயிர்களின் வேலை என்று முதலில் காட்டியவர்கள் ஷ்லோசிங், முண்ட்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். 1877இல் அவர்கள் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாய் வழியாகக் கழிவுநீரை மெல்ல வடியவிட்டார்கள். 20 நாள் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு அம்மோனியா குறைந்து நைட்ரேட் வரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் கலந்தபோது நின்றுபோனது. வெறும் வேதிவினை என்றால் 20 நாள் காத்திருக்கவும் வேண்டாம், குளோரோஃபார்முக்கு அடங்கவும் வேண்டாம். என்னைக் கேட்டால், உலகின் முதல் சைக்கிளிங் அந்தக் குழாயில்தான் நடந்தது, மீன்தான் இல்லை. அந்தப் பாக்டீரியாக்களைத் தனியே பிரித்து வளர்த்தவர் வினோகிராட்ஸ்கி, 1890 வாக்கில். நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றே மீன் வளர்ப்பு நூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998இல் தெரியவந்தது. அம்மோனியா முதல் நைட்ரேட் வரை முழுவதையும் ஒரே பாக்டீரியா செய்ய முடியும் என்பது 2015இல்தான் கண்டறியப்பட்டது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வீட்டுத் தொட்டியில் நடப்பது சுழற்சியே இல்லை. சுழற்சி என்றால் நைட்ரேட் மறுபடி நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் சேர வேண்டும். அதைச் செய்யும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் இல்லாத இடம் வேண்டும். காற்றுக்குழாய் குமிழிவிடும் சிறு தொட்டியில் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே நைட்ரேட் சேர்ந்துகொண்டே போகும். வாலிஸ்னேரியா போன்ற செடிகள் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதியை நாம்தான் வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை வெளியேற்றிக் குறைக்க வேண்டும். பாடநூலில் ‘நைட்ரேட்டாதல்’ என்று ஒரு சொல் இருக்கிறது. தொட்டியில் நடப்பது அதுவரைதான், சக்கரத்தின் ஒரு பகுதி.

அதனால் ‘சுழற்சி’ என்று மொழிபெயர்ப்பதை நான் ஏற்கவில்லை. அறிவியலுக்கும் முழுதாகப் பொருந்தாது, கேட்பவரையும் மோட்டார் பக்கம் திருப்பிவிடும். ‘நீர்ச்சுழற்சி’ இன்னும் மோசம். அது கடல், மேகம், மழை. ‘பதப்படுத்துதல்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். மீனோடு சேர்ந்தால் அது கருவாட்டுக்கும் டின் மீனுக்கும் போய்விடும்.

தமிழில் இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது, சமையலறையில். புது தோசைக்கல்லையும் மண்சட்டியையும் வாங்கியவுடன் யாரும் அடுப்பில் வைத்துச் சமைப்பதில்லை. எண்ணெய் தடவி, கஞ்சித் தண்ணீர் ஊற்றி, சில நாள் பழக்குவார்கள். தொட்டிக்கும் அதுதான்: கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் பரப்புகளில் ஏற வேண்டும், அதற்கு நாள் ஆகும். ‘பழகு’ தன்வினை, ‘பழக்கு’ பிறவினை. பழைய, பழமை என்பவற்றோடு உறவுள்ள சொல் என்பதால் காலம் செல்வதும் அதில் அடங்கியிருக்கிறது. ஆகவே தொட்டி பழக்குதல். நீர் பழக்குதல் என்று சொல்லக் கூடாது. அந்தப் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி தண்ணீரில் மிதப்பதில்லை. ஃபில்டர் ஸ்பான்ஜிலும் கூழாங்கல்லிலும் ஒட்டி வாழ்கிறது. “பழைய தண்ணிய பாதி வைங்க” என்று கடையில் சொல்வது மீனுக்கு அதிர்ச்சி வராமல் இருக்க உதவும், தொட்டியைப் பழக்காது. பழகிய தொட்டியிலிருந்து ஒரு ஸ்பான்ஜை எடுத்துவந்து போட்டால்தான் வேலை வேகமாக நடக்கும்.

மற்றச் சொற்களும் இதிலிருந்தே எளிதாக வந்துவிடும். ‘பிஷ்லெஸ் சைக்கிளிங்’ மீன் விடாமல் பழக்குதல். தீனித் துணுக்கையோ அளந்த அம்மோனியாவையோ மட்டும் போட்டுச் செய்வது. ‘நியூ டேங்க் சிண்ட்ரோம்’ பழகாத தொட்டியின் பாதிப்பு. பாக்டீரியாக்கள் அழிந்துபோகும் ‘சைக்கிள் க்ராஷ்’ என்பதற்கு ஊரில் சொல்கிற மாதிரியே சொல்லலாம், தொட்டிக்குப் பழக்கம் விட்டுப்போயிற்று. ஸ்பான்ஜை குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பிழிந்து கழுவினால் அப்படி ஆகும். கரண்ட் போய் ஃபில்டர் மணிக்கணக்கில் நின்றாலும், மீனில்லாமல் தொட்டி வாரக்கணக்கில் சும்மா கிடந்தாலும் ஆகும். அப்போது திரும்பவும் மஞ்சள், பச்சை, ஊதா என்று முதலிலிருந்து பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.